கொம்பியூட்டருக்குள் கப்பம் கேட்பவன்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். பாதி வரலாறு, பாதி நான் கேட்க வேண்டிய மன்னிப்பு. கடைசியில் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. அதற்காகவாவது முழுவதும் வாசித்துவிடுங்கள்.

போன வாரம் மட்டும் நம்ம ஊரில் இரண்டு வீட்டிலிருந்து லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்கள். ஒருவருக்குப் பிள்ளையின் கல்யாணப் படங்கள் திறக்கவில்லை. மற்றவருக்குக் கடைக் கணக்கு முழுவதும் போய்விட்டது. இரண்டிலும் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் இருந்தது: உன் பைல்களைப் பூட்டிவிட்டோம், திறக்க வேண்டுமென்றால் டொலர் அனுப்பு.

நான் வரலாறு படிப்பிக்கிற ஆள். கொம்பியூட்டர் திருத்துகிறவன் இல்லை. ஆனாலும் என்னிடம் வருகிறார்கள், ஏனென்றால் 2021இல் எனக்கும் இதுவே நடந்தது என்று ஊருக்குத் தெரியும். எப்படி நடந்தது என்பதைத்தான் இதுவரை யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. வெட்கம்தான் காரணம். இன்றைக்குச் சொல்கிறேன்.

*2021இல் நடந்தது*

2015 முதல் நான் நம்ம ஊர் மூத்தவர்களிடம் போய் அவர்கள் கதைப்பதைப் பதிவு செய்து வந்தது உங்களில் பலருக்குத் தெரியும். கடல் தொழில், பழைய சந்தை, ஓலைப் பள்ளிக்கூடம், வெள்ளம், இடம்பெயர்வு, சுனாமி. கூடவே வீடு வீடாகப் போய்ப் பழைய படங்களையும் உறுதிகளையும் வாங்கி ஸ்கேன் பண்ணினேன். சுனாமியில் தப்பிய படங்கள் அதில் நிறைய. சேறு காய்ந்த கறையோடு ஒரு தாய் எனக்குத் தந்த குடும்பப் படத்தை இப்போதும் மறக்க முடியவில்லை. எல்லாம் என் லெப்டொப்பில் இருந்தது. ஒரு பிரதி வெளி ஹாட் டிஸ்க்கில் இருந்தது. அது எனக்குப் போதும் என்று நினைத்திருந்தேன்.

கொரோனா காலம். பாடசாலை மூடி, எல்லாம் ஒன்லைன். வினாத்தாள் டைப் பண்ண உட்கார்ந்தால் ஒபிஸ் மென்பொருள் காலாவதியாகிவிட்டது என்று வந்தது. காசு கொடுத்து வாங்க மனமில்லை. இணையத்தில் தேடினேன், இலவசமாகத் திறந்து தரும் "கிரக்" ஒன்று கிடைத்தது. அதை இறக்கும் பக்கத்திலேயே எழுதியிருந்தது: நிறுவுவதற்கு முன் அன்டிவைரஸை நிறுத்திவிடுங்கள் என்று. நிறுத்தினேன். என் கையாலேயே நிறுத்தினேன். அந்த நேரம் படங்களை ஒழுங்குபடுத்துவதற்காக ஹாட் டிஸ்க்கும் லெப்டொப்பில் மாட்டியிருந்தது.

விண்டோஸ் அப்டேட் மாதிரி ஒரு சின்னப் பெட்டி வந்தது. சரி, ஓடட்டும் என்று விட்டுவிட்டு அஸர் தொழுது, தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தால் எந்தப் படமும் திறக்கவில்லை. எல்லாப் பெயர்களுக்கும் பின்னால் நான்கு எழுத்தில் ஒரு புது வால். ஒவ்வொரு போல்டரிலும் "ரீட்மீ" என்று ஒரு கடிதம். 980 டொலர் வேண்டுமாம். 72 மணித்தியாலத்துக்குள் தொடர்புகொண்டால் பாதி விலை, 490 டொலர். அன்றைய டொலர் விலைக்கு அந்தப் பாதியே கிட்டத்தட்ட ஒரு இலட்சம் ரூபா. என் இரண்டு மாதச் சம்பளத்துக்கும் மேல்.

அன்றைக்கு நான் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? என் தங்கச்சியின் மகனைக் கூப்பிட்டு ஏசினேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளை. என் லெப்டொப்பில் கேம் ஆடுவான்.

"நான் ஒண்டும் செய்யல்ல மாமா. கேம் மட்டும்தான் ஆடினேன்."

நம்பவில்லை. இனிமேல் இதைத் தொடாதே என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னேன். அவன் அழுதுகொண்டு போனான்.

இரண்டு நாள் கழித்துத்தான் மனம் ஆறி, பிள்ளைகளுக்கு வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற வேலையைச் செய்தேன். ஆதாரத்தைப் பார்த்தேன். கிரக் பைல் இறங்கிய நேரமும் முதலாவது படம் பூட்டப்பட்ட நேரமும் கொம்பியூட்டரிலேயே பதிவாகியிருந்தன. இரண்டுக்கும் இடையில் அரை மணித்தியாலம்கூட இல்லை. அந்த நேரம் மருமகன் ஓதப் போயிருந்தான். லெப்டொப்பின் முன்னால் இருந்தவன் நான் மட்டும்தான்.

அவனிடம் அப்போதே மன்னிப்புக் கேட்டேன். ஆனால் ஏசியது எல்லோருக்கும் முன்னால், மன்னிப்புக் கேட்டது தனியாக. அது நீதியில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்: தவறு என்னுடையது, அவனுடையது அல்ல.

அதற்குப் பிறகு, என்னிடம் கப்பம் கேட்டவன் யார், இந்தத் தொழில் எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினேன். தேடியதில் தெரிந்த வரலாறு இதுதான்.

*1989: தபாலில் வந்த முதல் கப்பம்*

இணையம் வீடுகளுக்கு வரும் முன்பே இது தொடங்கிவிட்டது. 1989 டிசம்பர். லண்டனிலிருந்து சுமார் 20,000 பிளொப்பி டிஸ்க்குகள் தபாலில் பல நாடுகளுக்குப் போயின. ஒரு கொம்பியூட்டர் சஞ்சிகையின் சந்தாதாரர்களுக்கும், எயிட்ஸ் பற்றிய சர்வதேச மாநாட்டுக்கு வந்தவர்களுக்கும். மேலே "எயிட்ஸ் தகவல் - அறிமுக டிஸ்க்" என்று லேபல். உலகமே எயிட்ஸுக்குப் பயந்திருந்த காலம். டொக்டர்மாரும் ஆய்வாளர்களும் நம்பிப் போட்டார்கள்.

உள்ளே உண்மையிலேயே எயிட்ஸ் பற்றிய கேள்வி பதில் இருந்தது. கூடவே இன்னொன்றும் ஒளிந்திருந்தது. கொம்பியூட்டரை எத்தனை தடவை போடுகிறோம் என்று அது எண்ணிக்கொண்டே இருந்தது. சுமார் 90 தடவை ஆனதும் போல்டர்களை மறைத்து, பைல்களின் பெயர்களைக் குழப்பிப் பூட்டியது. பிறகு பிரின்டரை ஓன் பண்ணச் சொல்லி, ஒரு பில் அடித்துக் கொடுத்தது. 189 டொலரை பனாமா நாட்டில் உள்ள ஒரு தபால் பெட்டிக்கு அனுப்ப வேண்டுமாம்.

டிஸ்க்கோடு வந்த துண்டுப் பத்திரிகையில் பொடி எழுத்தில், காசு கட்டாவிட்டால் உங்கள் மற்ற மென்பொருட்களும் பாதிக்கப்படும் என்று எழுதியே இருந்தது. யாரும் வாசிக்கவில்லை. இன்றைக்கு நாம் "ஐ அக்ரீ" என்று அமத்திவிட்டுப் போகிறோமே, அதுதான் அன்றும்.

செய்தவர் ஜோசப் பொப். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் படித்த உயிரியல் ஆய்வாளர். பிடிபட்டார், பிரித்தானியாவுக்குக் கொண்டு போகப்பட்டார். ஆனால் மனநிலை சரியில்லை, வழக்கை எதிர்கொள்ளத் தகுதியற்றவர் என்று 1991இல் நீதிபதி முடிவு செய்தார். அங்கே தண்டனை கிடைக்கவில்லை.

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. அந்த வைரஸ் பைலின் பெயரைத்தான் குழப்பியது, உள்ளே இருந்த தகவலைத் தொடவில்லை. ஜிம் பேட்ஸ் என்ற பிரித்தானியர் அதை ஆராய்ந்து, எல்லாவற்றையும் திருப்பி எடுக்கும் மென்பொருளைச் செய்து இலவசமாகக் கொடுத்தார். ஆனால் அது வருவதற்கு முன்னரே சிலர் பயந்துபோய்த் தங்கள் ஹாட் டிஸ்க்கை முழுவதும் அழித்துவிட்டார்கள். இத்தாலியில் ஓர் ஆய்வு நிறுவனம் இப்படிப் பத்து வருட வேலையை இழந்ததாக அப்போது செய்தி வந்தது. அவர்களுடைய வேலையை அழித்தது வைரஸ் அல்ல, பதற்றம்.

*பூட்டு பலமானது*

இந்தத் தொழில் ஓட மூன்று விடயம் வேண்டும். வீட்டுக்குள் நுழைய ஒரு வாசல், யாராலும் திறக்க முடியாத ஒரு பூட்டு, பிடிபடாமல் காசு வாங்க ஒரு வழி. பொப்பிடம் வாசல் மட்டும்தான் இருந்தது. பூட்டு பலவீனம். காசு கேட்ட தபால் பெட்டியோ ஆளைக் காட்டிக் கொடுக்கக்கூடியது.

பூட்டைப் பற்றி 1996இல் ஆய்வாளர்களான அடம் யங், மோட்டி யுங் இருவரும் ஓர் எச்சரிக்கைக் கட்டுரை எழுதினார்கள். பூட்ட ஒரு சாவி, திறக்க வேறொரு சாவி என்று இருந்தால் என்ன ஆகும்? பூட்டும் சாவியை மட்டும் வைரஸோடு அனுப்பிவிட்டு, திறக்கும் சாவியைக் கள்ளன் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம். வைரஸை எவ்வளவு ஆராய்ந்தாலும் திறக்கும் சாவி அதற்குள் இருக்காது. வங்கிக் கணக்கைப் பாதுகாக்கப் பயன்படும் அதே கணக்கு முறைதான் இது.

சுமார் பத்து வருடத்தில் அது நடந்தது. "ஜீபிகோட்" என்ற வைரஸ் அந்த முறையில் பூட்டத் தொடங்கியது. 2008இல் வந்த வகை பலமான பூட்டு. ஆனால் அது பூட்டிய பிரதியைப் புதிதாக எழுதிவிட்டு, பழையதை வெறுமனே டிலீட் பண்ணியது. டிலீட் பண்ணிய பைலை மீட்கும் சாதாரண இலவசக் கருவியால் பலர் தங்கள் பைல்களைத் திருப்பி எடுத்தார்கள். கள்ளனுக்கும் பிழை விடும். அந்தப் பிழையைக் கண்டுபிடிக்கும் வரை பூட்டிய பைல்களை வைத்திருப்பவனுக்குத்தான் லாபம்.

2012 அளவில் இன்னொரு வகை பரவியது. திரை முழுவதும் பொலிஸ் சின்னம், நீங்கள் சட்டவிரோதமான படம் பார்த்தீர்கள், அபராதம் கட்டுங்கள் என்று ஒரு அறிவித்தல். பைல்களுக்கு எதுவும் ஆகியிருக்காது, திரை மட்டும்தான் பூட்டு. ஆனால் வெட்கத்துக்குப் பயந்து பலர் சத்தமில்லாமல் கட்டினார்கள். இப்படி ஒன்று உங்கள் பிள்ளையின் கொம்பியூட்டரில் வந்தால் பிள்ளையை அடிக்காதீர்கள். எந்த நாட்டுப் பொலிசும் கொம்பியூட்டர் திரையில் அபராதம் வாங்குவதில்லை.

*காசு வாங்க வழி கிடைத்தது*

மூன்றாவது விடயமும் 2013இல் சேர்ந்தது. அந்த வருடம் செப்டெம்பரில் "கிரிப்டோலொக்கர்" வந்தது. ஈமெயிலில் பார்சல் ரசீது, பில் மாதிரி ஓர் இணைப்பு. பார்க்க பீடீஎப் போல இருக்கும், உண்மையில் அது ஓடக்கூடிய ஒரு புரோகிராம். விலை பெரும்பாலும் 300 டொலர், தவணை 72 மணித்தியாலம். காசை பிட்கொயினிலும் கட்டலாம். பனாமா தபால் பெட்டிக்கு இனி அவசியமில்லை.

2014 நடுப்பகுதியில் பல நாட்டுப் பொலிசார் சேர்ந்து அந்த வலையமைப்பை முடக்கினார்கள். ஓகஸ்டில், கைப்பற்றிய சாவிகளை வைத்து இரண்டு பாதுகாப்பு நிறுவனங்கள் இலவசமாகப் பைல்களைத் திறந்து கொடுத்தன. ஆனால் யாருக்கு? பூட்டிய பைல்களை அழிக்காமல் வைத்திருந்தவர்களுக்கு மட்டும்.

2016இல் "டெஸ்லாகிரிப்ட்" என்ற கும்பல் தொழிலை நிறுத்தியபோது, ஒரு பாதுகாப்பு நிறுவன ஆய்வாளர் அவர்களிடமே முதன்மைச் சாவியைக் கேட்டார். கொடுத்துவிட்டார்கள், மன்னிப்பும் கேட்டார்கள்! அதே வருடம் ஜூலையில் நெதர்லாந்து பொலிஸ், யூரோபோல், இரண்டு பாதுகாப்பு நிறுவனங்கள் சேர்ந்து "நோ மோர் ரான்சம்" என்ற இலவசத் தளத்தைத் தொடங்கின. கண்டுபிடிக்கப்பட்ட சாவிகளையும் திறக்கும் கருவிகளையும் அங்கே சேர்த்து வைத்திருக்கிறார்கள். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

*2017: ஒரு வெள்ளிக்கிழமை*

2017 மே 12, வெள்ளிக்கிழமை. "வன்னாக்ரை" என்ற வைரஸ் ஒரே நாளில் உலகத்தைச் சுற்றியது. சுமார் 150 நாடுகள், இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கொம்பியூட்டர்கள். இது யாரும் எதையும் கிளிக் பண்ணும் வரை காத்திருக்கவில்லை. விண்டோஸில் இருந்த ஒரு ஓட்டை வழியாகக் கொம்பியூட்டர் விட்டுக் கொம்பியூட்டர் தானாகவே தாவியது. பிரித்தானியாவின் அரச வைத்தியசாலைகளில் சுமார் 19,000 நோயாளர் சந்திப்புகள் ரத்தானதாகப் பிறகு மதிப்பிட்டார்கள். மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற 22 வயது இளைஞர், வைரஸுக்குள் எழுதியிருந்த ஒரு இணைய முகவரியைச் சுமார் 10 டொலருக்குப் பதிவு செய்ததும் அதன் ஓட்டம் நின்றது.

இதில் வருத்தமான பகுதி: அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசொப்ட் மார்ச் 14ஆம் திகதியே இலவசமாக வெளியிட்டிருந்தது. கிட்டத்தட்ட இரண்டு மாதம் இருந்தது. "பிறகு பார்ப்போம்" என்று தள்ளிப் போட்டவர்கள்தான் மாட்டினார்கள்.

அடுத்த மாதமே "நொட்பெட்யா" வந்தது. உக்ரைனில் தொடங்கிப் பெரிய கப்பல் நிறுவனங்கள் வரை முடக்கியது. கப்பம் கேட்டது, ஆனால் காசு கட்டினாலும் பைல்களைத் திருப்பித் தரும் வசதியே அதில் இருக்கவில்லை.

நமது நாட்டுக்கு வருவோம். 2023 ஓகஸ்ட் 26 அன்று இலங்கை அரசின் மேகக் கணினி அமைப்பு இதே வகைத் தாக்குதலுக்கு உள்ளானது. அரசாங்க ஈமெயில் முகவரிகள் சுமார் 5,000 பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான ஈமெயில்கள் திரும்பக் கிடைக்கவில்லை. அந்தக் காலப் பகுதிக்குத் தனியாக எடுத்து வைத்த பிரதி இல்லை, பயன்படுத்திய மென்பொருளும் பழையது. இதை வாசித்தபோது எனக்கு என் ஹாட் டிஸ்க்தான் ஞாபகம் வந்தது.

*வீட்டுக் கொம்பியூட்டரைத் தேடி வருவது*

பெரிய கும்பல்கள் கம்பனிகளைத் தேடிப் போகின்றன. நம்மைப் போன்ற வீட்டுக்காரர்களை அதிகம் பிடித்தது 2018 முதல் பரவிய "ஸ்டொப்" என்ற குடும்பம். "ஜாவு" (டீ, ஜே, வீ, யூ என்ற நான்கு எழுத்து) என்றும் சொல்வார்கள். எனக்கு வந்தது இதுதான். இதன் முக்கிய வாசல் கிரக், கீஜென், விண்டோஸ் அக்டிவேட்டர். அன்டிவைரஸை நாமே நிறுத்துவோம் என்று அதற்குத் தெரியும்.

2019 ஒக்டோபரில் எம்சிசொப்ட் என்ற நிறுவனமும் மைக்கல் கிலெஸ்பி என்ற ஆய்வாளரும் இந்தக் குடும்பத்தின் 148 வகைகளுக்குத் திறக்கும் கருவியை இலவசமாக வெளியிட்டார்கள். ஆனால் அதே வருடம் ஓகஸ்ட் முதல் கள்ளன்கள் பூட்டை மாற்றியிருந்தார்கள். அதற்குப் பிறகு வந்தவற்றில், கொம்பியூட்டர் இணையத்தோடு இல்லாத நேரம் பூட்டப்பட்டிருந்தால் சில வேளை திறக்கலாம். இணையத்தோடு இருந்திருந்தால் ஒவ்வொரு கொம்பியூட்டருக்கும் தனிச் சாவி. எனது இணையத்தோடு இருந்தது. கருவியைப் போட்டேன், முடியாது என்று சொல்லிவிட்டது.

கள்ளனுக்குக் காசு கொடுக்கவில்லை. பூட்டிய பைல்களையும் அழிக்கவில்லை. எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்கில் போட்டு வைத்தேன்.

சில மாதம் கழித்து ஒரு விடயம் தெரியவந்தது. இந்த வைரஸ் வேகமாக வேலையை முடிப்பதற்காக ஒவ்வொரு பைலிலும் முதல் 150 கிலோபைட்டை மட்டும்தான் பூட்டுகிறது. சின்ன ஆவணம் என்றால் முழுவதும் போய்விடும். படம் என்றால் தலைப்பகுதி போய்விடும், மீட்டாலும் பல படங்களில் கீழ்ப் பாதிதான் தெரியும். ஆனால் ஒரு மணித்தியால ஒலிப்பதிவில் 150 கிலோபைட் என்பது என் ரெகோர்டரின் தரத்தில் வெறும் பத்து செக்கன்!

அதற்கென்று இலவசமாகக் கிடைக்கும் ஒரு கருவியால் ஒலிப்பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். முதல் பத்து செக்கன் இல்லை. அதற்குப் பிறகு குரல் வந்தது. அன்றிரவு நான் அழுதேன்.

*உங்களுக்கு நடந்தால் என்ன செய்வது*

அடையாளம்: பைல் பெயருக்குப் பின்னால் தெரியாத வால், எல்லாப் போல்டரிலும் ஒரே கடிதம், படங்கள் திறக்காமை, நாம் போடாத அப்டேட் பெட்டி, திடீரென்று கொம்பியூட்டர் மந்தமாகி ஹாட் டிஸ்க் விடாமல் ஓடுவது.

முதலில் வைபையை நிறுத்துங்கள், கேபிள் இருந்தால் கழற்றுங்கள். பென் டிரைவ், வெளி ஹாட் டிஸ்க் எல்லாவற்றையும் உடனே பிடுங்குங்கள். கண் முன்னால் பைல்கள் இன்னும் மாறிக்கொண்டே இருந்தால் பவர் பட்டனை அமத்திப் பிடித்து நிறுத்திவிடுங்கள். எல்லாம் பூட்டி முடிந்துவிட்டது என்றால் அவசரப்பட்டு மறுபடி மறுபடி ரீஸ்டார்ட் பண்ண வேண்டாம். வன்னாக்ரையின்போது, ரீஸ்டார்ட் பண்ணாத சில கொம்பியூட்டர்களின் நினைவகத்திலிருந்தே சாவியை மீட்க முடிந்தது.

இரண்டாவது, கடிதத்தைப் போனில் படம் எடுங்கள். கடிதத்தையும் பூட்டிய பைல்களையும் அழிக்காதீர்கள், பெயரை மாற்றாதீர்கள். வேறொரு கொம்பியூட்டரிலிருந்து நோ மோர் ரான்சம் தளத்துக்குப் போய், எந்த வகை என்று பாருங்கள். கருவி இருந்தால் அங்கேயே கிடைக்கும்.

மூன்றாவது, வைரஸை அகற்றுவது வேறு, பைலைத் திறப்பது வேறு. அகற்றினால் பைல் திறக்காது. ஆனால் அகற்றாமல் திறந்தால் மறுபடி பூட்டும். ஸ்டொப் வகை தன்னைத் திரும்பத் திரும்ப ஓட வைக்க விண்டோஸுக்குள் ஒரு நேர அட்டவணையையே போட்டு வைக்கும். விண்டோஸில் இருக்கும் டிபென்டரின் "ஒப்லைன் ஸ்கேன்" பாருங்கள். இன்னும் நல்லது, பூட்டிய பைல்களை வேறு டிஸ்க்கில் எடுத்து வைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவது. கடையில் கொடுத்தால், "போர்மட் பண்ண முன் பூட்டிய பைல்களை எடுத்துத் தாங்க" என்று மறக்காமல் சொல்லுங்கள்.

நான்காவது, ஈமெயில், பேஸ்புக், வங்கி எல்லாவற்றினதும் பாஸ்வேர்டை வேறொரு சாதனத்திலிருந்து மாற்றுங்கள். இந்த வகை பல தடவை பாஸ்வேர்ட் திருடும் இன்னொன்றையும் கூட்டிக்கொண்டுதான் வருகிறது.

ஐந்தாவது, காசு கட்டாதீர்கள். திறந்து தருவதாக யூடியூபில் சொல்பவர்களையும் நம்பாதீர்கள். 2020இல் ஸ்டொப் வைரஸைத் திறக்கும் கருவி என்று சொல்லி ஒன்று பரவியது. அதைப் போட்டவர்களின் பைல்கள் இரண்டாவது தடவையும் பூட்டுப்பட்டன. நம் நாட்டில் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. பொலிஸிலும் இலங்கை சேர்ட் நிறுவனத்திலும் முறையிடலாம்.

*வராமல் காப்பது*

கிரக் போடாதீர்கள். முதலாவது, இரண்டாவது, மூன்றாவது அறிவுரை இதுதான். டைப் பண்ண லிப்ரே ஒபிஸ் முழுக்க இலவசம், தமிழும் வேலை செய்யும். நான் இப்போது வினாத்தாள் அடிப்பது அதில்தான். அன்டிவைரஸை நிறுத்து என்று எது சொன்னாலும் அதுதான் கள்ளன்.

அப்டேட்டைத் தள்ளிப் போடாதீர்கள். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 வரைதான் என்பதையும் கவனியுங்கள்.

பைல் பெயரின் வாலைக் காட்டும்படி விண்டோஸில் மாற்றி வையுங்கள். "பில் டொட் பீடீஎப்" என்று தெரிவது உண்மையில் "பில் டொட் பீடீஎப் டொட் ஈஎக்ஸ்ஈ" ஆக இருக்கலாம்.

கடைசியாகப் பிரதி. கலாசாலையில் எங்களுக்கு வரலாறு எடுத்த விரிவுரையாளர் அடிக்கடி சொல்வார், ஒரே ஒரு பிரதி இருக்கிற ஆவணம் பாதி தொலைந்த ஆவணம் என்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் சேர்ந்து எரிந்தன. பரீட்சைக்கு இதைப் படிப்பித்த நானே அதிலிருந்து பாடம் படிக்கவில்லை.

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று வேறு இடத்தில். முக்கியமாக, கொப்பி பண்ணி முடிந்ததும் ஹாட் டிஸ்க்கைக் கழற்றி அலுமாரியில் வையுங்கள். மாட்டியே இருக்கும் ஹாட் டிஸ்க் பிரதி அல்ல, அதுவும் அதே கொம்பியூட்டரின் ஒரு பகுதிதான். கூகிள் டிரைவ் போன்றவற்றில் வைத்தால், பூட்டிய பைலும் தானாக மேலே ஏறிவிடும். ஆனால் பழைய பிரதியைச் சில நாட்களுக்கு அவை வைத்திருக்கும், ஆகவே தாமதிக்காமல் பாருங்கள்.

*என் வேண்டுகோள்*

மீட்ட ஒலிப்பதிவுகள் மொத்தம் 61. ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் நான் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்: "உங்கட பேர், வாப்பாட பேர், பிறந்த வருசம் சொல்லுங்க." போன அந்தப் பத்து செக்கனுக்குள் இருந்தது அவர்களுடைய ஸலாமும் பெயரும். குரல் இருக்கிறது, யாருடைய குரல் என்று சொல்லும் வரி இல்லை. என் குறிப்பு வேர்ட் பைலில் இருந்தது, சின்னப் பைல், அது முழுவதும் போய்விட்டது. பெரும்பாலானவர்களை எனக்கு அடையாளம் தெரிகிறது. 14 பேரை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அவர்களில் சிலர் இப்போது உயிரோடும் இல்லை.

போன மாதம் ஒரு ராத்தா வீட்டு வாசலில் நின்று கேட்டார்.

"வாப்பாட குரல் இரிக்கா மகன்? பேரன்மார் கேக்காங்க."

அவரை உள்ளே கூப்பிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினேன். ஒன்பதாவதில் கையைத் தூக்கினார். நான் அதுவரை வேறொருவரின் பெயரை எழுதி வைத்திருந்த பதிவு அது.

ஆகவே, உங்கள் வாப்பா, உம்மா, அப்பா, மூத்தம்மா யாராவது 2015க்கும் 2021க்கும் இடையில் என்னிடம் கதைத்திருந்தால் தயவுசெய்து ஒரு நாள் வாருங்கள். வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு வீட்டில் இருப்பேன். கேட்டுச் சொல்லுங்கள். எனக்குப் படம் தந்தவர்கள், அந்தப் படம் இன்னும் உங்களிடம் இருந்தால் மறுபடி ஒரு தடவை தாருங்கள். உங்கள் கண் முன்னாலேயே ஸ்கேன் பண்ணி, அப்போதே திருப்பித் தருகிறேன், ஒரு பிரதி உங்கள் பென் டிரைவிலும் போட்டுத் தருகிறேன். நம்ம ஊர்க் கதை என் ஒருவன் வீட்டில் மட்டும் இருந்ததுதான் முதல் பிழை.

ஒவ்வொரு மாதக் கடைசியிலும் இப்போது மூன்று பிரதியும் சரியா என்று பார்க்கிறோம். பார்ப்பது நானில்லை, மருமகன். பார்த்து முடிந்ததும் ஹாட் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு போய்த் தன் உம்மாவின் அலுமாரியில் பூட்டிவிடுவான். சாவி என்னிடம் தரமாட்டான்.